ஓய்வுக்காலச் சேமிப்பும் வாரிசு உரிமையும்

தோட்டப் பாட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. உடலில் வலுக் குன்றிய பின் நம்மைக் காப்பாற்றப் போவது எது என்பது ஒன்று. நம் காலத்திற்குப் பின் நம் உழைப்பின் பயன் யாரைச் சென்றடையும் என்பது மற்றொன்று. முதற் கேள்வியைப் பற்றி ஓரளவேனும் நாம் பேசுகிறோம். இரண்டாவது கேள்வியை அமங்கலம் எனக் கருதி ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இரண்டும் ஒரே சேமிப்பைப் பற்றியவை. ஒன்றைத் தீர்மானிக்காமல் மற்றொன்றைத் தீர்மானிக்க இயலாது.

குடும்பத் தலைவனின் மனத்தில் இருந்த எண்ணம் வேறாகவும், பத்திரத்தில் இருந்த பெயர் வேறாகவும் அமைந்துவிடுவதுண்டு. அவ்வேளையில் சட்டம் பத்திரத்தையே நோக்கும், மனத்தை நோக்காது. ஆகவே சேமிப்பை எவ்வாறு காப்பது, எஞ்சியதை எவ்வாறு எழுத்தில் நிலைநிறுத்துவது என்னும் இரண்டையும் இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

தோட்டத்தில் ஓய்வு என்பதன் பொருள்

பட்டணத்தில் வேலை செய்பவர் ஓய்வு பெற்றால் சம்பளம் நின்றுவிடுகிறது. தோட்டத்தில் வேலை செய்பவர் ஓய்வு பெற்றாலோ சம்பளத்தோடு வீடும் போய்விடக்கூடும். நாம் குடியிருக்கும் லயத்து வீடு நிர்வாகத்திற்குச் சொந்தமானது. வேலைக்கு இணைந்ததாக வழங்கப்பட்ட அவ்வீட்டில் மூன்று தலைமுறையாக வாழ்ந்திருந்தாலும், அது தாத்தா தந்தைக்குக் கொடுத்த சொத்தாகவோ தந்தை மகனுக்குக் கொடுக்கும் சொத்தாகவோ ஆகிவிடாது.

இதனால் தோட்டத் தொழிலாளியின் ஓய்வுக்காலத் திட்டத்தில் உணவுச் செலவோடு கூரைக்கும் இடம் இருத்தல் வேண்டும். 40 வயதில் இதை எண்ணுபவருக்கு வழிகள் பல. 59 வயதில் எண்ணுபவருக்கு வழிகள் மிகச் சில.

மாதந்தோறும் சேர்வது எவ்வளவு?

ஊழியர் சேமநிதி நம் நாட்டில் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று அது 1991ஆம் ஆண்டின் ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாத, 60 வயதுக்குட்பட்ட தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 11 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு செலுத்துகிறார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாகும். அச்சம்பளம் பெறுபவரின் பங்கு 187 வெள்ளி. முதலாளியின் பங்கு 221 வெள்ளி. ஆக, ஒரு மாதத்தில் சேர்வது 408 வெள்ளி. சம்பளச் சீட்டில் நம் கண்ணுக்குப் படுவது பிடித்தம் செய்யப்பட்ட 187 வெள்ளி மட்டுமே. அதைக் கண்டு வருந்துவோர், அதனினும் பெரிய தொகை மறுபுறத்திலிருந்து வந்து சேர்வதை மறந்துவிடுகின்றனர். ஆதலால் நம் பெயரில் பணம் தவறாமல் கட்டப்படுகிறதா என்பதைச் சேமநிதிக் கணக்கு அறிக்கையில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இவ்வகையில் பெற்றோருக்குத் துணை செய்யலாம்.

2024ஆம் ஆண்டு மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்ட உறுப்பினரின் புதிய சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கிற்குச் செல்கிறது. 15 விழுக்காடு, வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கு உதவும் 'செஜாத்ரா' கணக்கிற்குச் செல்கிறது. எஞ்சிய 10 விழுக்காடு, எப்பொழுது வேண்டுமானாலும் எடுக்கத்தக்க 'பிளெக்சிபெல்' கணக்கிற்குச் செல்கிறது. மேற்கண்ட 408 வெள்ளியில் இவை முறையே 306 வெள்ளி, 61 வெள்ளி 20 காசு, 40 வெள்ளி 80 காசு ஆகும்.

எடுக்க அனுமதி இருக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கோவிட் பெருந்தொற்றுக் காலமான 2020 முதல் 2022 வரை சிறப்புத் திட்டங்களின் வழி உறுப்பினர்கள் எடுத்த தொகை ஏறக்குறைய 14,500 கோடி வெள்ளியாகும். அடுப்பெரியாத வேளையில் அப்பணம் பலரைக் காத்தது என்பது உண்மை. அவ்வாறு எடுத்தவர்களில் பலருடைய முதுமைக்கால இருப்பு குறைந்துபோனது என்பதும் உண்மை.

பட்டையைக் காயப்படுத்தாத வெட்டு

பால்வெட்டுத் தொழிலாளிக்குச் சேமிப்பின் இலக்கணத்தை வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. நட்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே இரப்பர் மரத்தில் உளி படுகிறது. அளவறிந்து மெல்லியதாகச் சீவினால் பட்டை மீண்டும் வளர்கிறது. மரமும் பல்லாண்டு பால் தருகிறது. இன்று மங்கு நிறைய வேண்டும் என்னும் ஆசையால் ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் விழுகிறது. அக்காயத்தின் மேல் வளரும் பட்டை முடிச்சும் மேடுமாகி, மறுமுறை வெட்டுவதற்கு ஆகாததாகிவிடுகிறது. சேமநிதியும் அத்தகையதே.

55 வயதை அடைந்ததும் கணக்கிலுள்ள முழுத் தொகையையும் எடுக்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. 55 வயதுக்குப் பின்னும் வேலை செய்தால், புதிதாகச் சேரும் சந்தா தனிக் கணக்கில் வைக்கப்பட்டு 60 வயதில் கைக்கு வருகிறது. 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆகும். எனவே 55 என்பது பணம் எடுக்கக்கூடிய வயதேயன்றி, வேலையை விட்டுவிட வேண்டிய வயதன்று.

முழுத் தொகையையும் ஒரே தடவையில் எடுத்தாக வேண்டும் என்ற விதியும் இல்லை. ஒரு பகுதியை எடுக்கலாம். மாதந்தோறும் ஒரு தொகை வருமாறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். தேவை வரும் வரை அங்கேயே விட்டும் வைக்கலாம். உறுப்பினர் 100 வயது அடையும் வரை அப்பணத்திற்கு இலாப ஈவு கிடைத்துக்கொண்டிருக்கும். வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாத ஈவு வழங்கச் சட்டமே உறுதி கூறுகிறது.

எடுத்துக்காட்டாக, 60 வயதில் ஒருவரிடம் 60,000 வெள்ளி இருப்பதாகக் கொள்வோம். 80 வயது வரை, அதாவது 240 மாதங்களுக்கு, அதைப் பகிர்ந்தால் மாதத்திற்கு 250 வெள்ளி கிடைக்கும். ஈவையும் சேர்த்தால் சற்றுக் கூடும். மகளின் திருமணத்திற்கென 25,000 வெள்ளியை எடுத்துவிட்டால் எஞ்சுவது 35,000 வெள்ளி. மாதத்திற்கு ஏறக்குறைய 146 வெள்ளி. இரண்டு நாள் விருந்துக்காக இருபது ஆண்டுகளின் மாதப் படியில் நூறு வெள்ளிக்கு மேல் குறைந்துவிடுகிறது. மகளுக்குச் சிறப்புச் செய்ய வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. தொகையை முடிவு செய்யுமுன் 240 மாதங்களால் வகுத்துப் பாருங்கள் என்பதே கருத்து.

2019ஆம் ஆண்டு சேமநிதி வாரியம் 55 வயதுக்குரிய அடிப்படைச் சேமிப்பாக 240,000 வெள்ளியை வகுத்தது. மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுகளுக்கு என்பது அதன் கணக்கு. பின்னர் அவ்வளவு மேலும் உயர்த்தப்பட்டுள்ளது. தோட்டச் சம்பளத்தில் அவ்வளவைச் சேர்ப்பது அரிது. அரிது என்பதனாலேயே, இருக்கின்ற சிறு தொகையைப் பிறர் காட்டிலும் கவனமாக நாம் காக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள்தாம் நம் ஓய்வூதியமா?

"எனக்கென்ன குறை? மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று பெருமிதத்துடன் கூறும் பெற்றோர் பலர். பெற்றோரைப் பேணுதல் நம் பண்பாட்டின் உயிர்நாடி, அதில் ஐயமில்லை. ஆயினும் இன்றைய பிள்ளைகள் பட்டணத்தில் வாடகை வீட்டில் வாழ்கின்றனர். வண்டிக் கடனும், பள்ளிச் செலவும் அவர்களுக்கு உண்டு. அன்பு இருந்தும் வசதி இல்லாத நிலை அவர்களுக்கு நேரக்கூடும்.

தமக்கென்று சிறு வருமானம் உடைய முதியவர், மகன் வீட்டில் வாழ்ந்தாலும் மதிப்போடு வாழ்கிறார். பேரனுக்கு ஒரு புத்தகம் வாங்கித் தரவும், மருந்துக்குப் பிறர் கையை எதிர்பாராதிருக்கவும் அவரால் இயல்கிறது. கையிலிருந்ததையெல்லாம் முன்னரே பகிர்ந்து கொடுத்துவிட்டவரின் நிலை அதுவன்று. ஆகவே சேமநிதிப் பணம் முதலாவதாகக் கணவன் மனைவி இருவரின் முதுமைக்கும் உரியது. அவர்கள் வாழ்ந்து முடித்த பின் எஞ்சுவதே வாரிசுகளுக்குரிய சொத்து. இவ்வரிசை மாறிவிடலாகாது.

வீட்டைப் பொறுத்தும் இதே விதி பொருந்தும். அரும்பாடுபட்டு வாங்கிய ஒரே வீட்டை, "பிற்காலத்தில் சிக்கல் வேண்டாம்" என்று பெற்றோர் உயிரோடிருக்கும்போதே ஒரு பிள்ளையின் பெயருக்கு மாற்றி எழுதுவதுண்டு. நிலப் பட்டாவில் பெயர் மாறிய அன்றே அப்பிள்ளை சட்டப்படி உரிமையாளர் ஆகிறார். அதை விற்கவும் ஈடு வைக்கவும் அவருக்குப் பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. பிள்ளை நல்லவராகவே இருக்கலாம். அவருடைய வியாபாரம் நொடித்தால், கடன் கொடுத்தவர் அவ்வீட்டைத் தேடி வரக்கூடும். பிள்ளைக்கு வீடு சேர வேண்டும் என்பதே நோக்கமானால் அதற்கு உயில் இருக்கிறது. உயில், எழுதியவர் மறைந்த பின்னரே செயற்படும். அதுவரை வீடு அவருடையதே.

சேமநிதியில் வாரிசு நியமனம்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். சேமநிதி உறுப்பினர் ஒவ்வொருவரும், தம் மறைவுக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று பெயர் குறித்து நியமனம் செய்யலாம். ஒருவரை மட்டுமோ பலரையோ நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு என்றும் குறிக்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.

முஸ்லிம் அல்லாத உறுப்பினரைப் பொறுத்தவரை, நியமிக்கப்பட்டவரே அப்பணத்திற்கு உரியவர். இங்கே மூன்று செய்திகளைக் கவனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, திருமணம் செய்துகொள்வதால் பழைய நியமனம் தானாக மாறிவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஓர் இளைஞர் 20 வயதில் வேலையில் சேர்ந்தபோது தம் அண்ணனை நியமித்தார் எனக் கொள்வோம். 27 வயதில் மணம் புரிந்து, இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையாகி, 48 வயதில் இறந்தும் விடுகிறார். நியமனத்தை அவர் மாற்றியிருக்கவில்லை. அவ்வாறாயின் பணம் அண்ணனுக்கே செல்லும். மனைவியும் குழந்தைகளும் அண்ணனுடைய நல்லெண்ணத்தை நம்பி நிற்க வேண்டியவர் ஆவர்.

இரண்டாவது, சேமநிதி நியமனத்தை உயிலால் மாற்ற முடியாது. "என் சேமநிதிப் பணம் என் மனைவிக்கு" என்று உயிலில் எழுதியிருந்தாலும், வாரியத்தில் வேறு பெயர் இருந்தால் அப்பெயரே செல்லும். நியமனத்தை மாற்ற விரும்புவோர் வாரியத்திலேயே புதிய நியமனம் செய்ய வேண்டும்.

மூன்றாவது, நியமிக்கப்பட்டவர் நமக்கு முன்னரே இறந்துவிட்டால் அந்நியமனம் பயனற்றுப்போகும். தாயாரை நியமித்துவிட்டு அவர் காலமான பின் மாற்றாதிருப்போர், நியமனமே செய்யாதவர் நிலையில் இருக்கின்றனர்.

நியமனம் இல்லாத பணம் இறந்தவரின் பொதுச் சொத்தில் சேர்ந்துவிடும். பெருந்தொகையாயின், சொத்து நிர்வாக ஆணை பெற்ற பின்னரே குடும்பத்தினர் அதைப் பெற இயலும். நியமனம் உள்ள குடும்பம் இறப்புப் பத்திரத்தையும் அடையாள ஆவணங்களையும் கொண்டு விண்ணப்பிக்கும். நியமனம் இல்லாத குடும்பம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும். வேலை நாளை இழந்து அலைவது தோட்டக் குடும்பத்திற்கு எத்தகைய சுமை என்பதை நாம் அறிவோம்.

தோட்டத்தில் பெண்களும் ஆண்களுக்கு நிகராக உழைத்துத் தங்கள் பெயரில் சேமநிதி வைத்துள்ளனர். ஆகவே நியமனம் என்பது கணவனின் கடமை மட்டுமன்று, மனைவியின் கடமையுமாகும்.

இஸ்லாமியத் தமிழர்கள் வேறொரு விதியை அறிந்திருக்க வேண்டும். முஸ்லிம் உறுப்பினர் நியமிப்பவர் அப்பணத்தின் உரிமையாளர் அல்லர்; அதைப் பெற்று ஃபராயிட் முறைப்படி வாரிசுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் நிர்வாகியே ஆவார்.

உயில் இல்லாவிடில் சட்டம் செய்யும் பங்கீடு

தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி அவருடைய சொத்து பகிரப்படுகிறது. கடன்களைத் தீர்த்து எஞ்சுவதே பங்கீட்டுக்கு உரியது. அதன் முக்கிய விதிகள் வருமாறு:

மனைவி மட்டும் இருந்து, பிள்ளைகளும் பெற்றோரும் இல்லையெனில், முழுச் சொத்தும் மனைவிக்கு.

மனைவியும் பெற்றோரும் இருந்து, பிள்ளைகள் இல்லையெனில், மனைவிக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி.

மனைவியும் பிள்ளைகளும் இருந்து, பெற்றோர் இல்லையெனில், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு.

மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவகையினரும் இருப்பின், மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு.

மனைவி இறந்து கணவன் இருப்பினும் இதே பங்கீடுதான். 1997ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் உயிலின்றி இறந்த மனைவியின் சொத்து முழுவதும் கணவனுக்கே சென்றது. அத்திருத்தம் இருவரையும் சமநிலையில் வைத்தது. பிள்ளைகளுக்குள்ளும் மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. மணமாகிச் சென்ற மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. "சீர்வரிசை கொடுத்தாயிற்று, அவளுக்கென்ன பங்கு?" என்னும் பேச்சு சட்டத்தின் முன் செல்லாது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் விட்டுச்சென்றது 90,000 வெள்ளி மதிப்புள்ள சொத்து எனக் கொள்வோம். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ளனர், பெற்றோர் இல்லை. மனைவிக்கு 30,000 வெள்ளி. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 20,000 வெள்ளி. அவருடைய தாயார் உயிருடன் இருந்தால், தாயாருக்கு 22,500 வெள்ளி, மனைவிக்கு 22,500 வெள்ளி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 15,000 வெள்ளி.

அச்சொத்து ஒரு சிறு வீடாக இருப்பின் சிக்கலை எண்ணிப் பாருங்கள். வீட்டில் குடியிருக்கும் விதவைக்கு அதில் ஒரு பகுதியே சொந்தம். பங்குதாரர் ஒருவர் தம் பங்கைப் பணமாகக் கேட்டால் வீட்டையே விற்க நேரலாம். இதைத் தவிர்க்கவோ குறைக்கவோ இரண்டு வழிகள் உள்ளன. வாங்கும்போதே கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்குவது ஒன்று. வீடு யாருக்கு என்று உயிலில் தெளிவாக எழுதுவது மற்றொன்று. வங்கிக் கடனில் வாங்கிய வீடாயின், கடன் பெற்றவர் இறந்தால் மீதத்தைத் தீர்க்கும் காப்புறுதி இருக்கிறதா என்றும் கேட்டறிய வேண்டும்.

திருமணப் பதிவு

மேலே 'மனைவி' என்று சொல்லப்பட்டது சட்டம் ஏற்கும் மனைவியையே குறிக்கும். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நடைபெறும் முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அதற்கு முன் சமயம் அல்லது வழக்காற்றின்படி முறையாக நடந்த திருமணங்கள் செல்லுபடியாகும்.

கோயிலில் தாலி கட்டி, ஊரறிய விருந்து வைத்து, முப்பது ஆண்டுகள் இணைபிரியாது வாழ்ந்திருந்தாலும், பதிவு இல்லையெனில் உயிலற்ற சொத்தில் மனைவி என்ற உரிமையை நிலைநாட்டுவது கடினமாகிவிடக்கூடும். குழந்தைகளின் உரிமையும் சிக்கலுக்குள்ளாகிறது. அத்தகைய தம்பதியர் நாணப்பட வேண்டியதில்லை, தாமதிக்கத்தான் கூடாது. தேசியப் பதிவு இலாகாவை அணுகிப் பதிவு செய்துகொள்ளலாம். அதுவரையில் சேமநிதி நியமனத்தில் மனைவியின் பெயரைக் குறித்துவைப்பது ஒரு பாதுகாப்பாகும்.

உயில் எழுதும் முறை

உயில் என்பது செல்வந்தருக்கே உரியது என்னும் எண்ணம் தவறு. ஒரு வீடும் ஒரு வங்கிப் புத்தகமும் உள்ளவருக்கும் அது தேவை. 1959ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, எழுதுபவர் 18 வயது நிரம்பியவராகவும் தெளிந்த மனமுடையவராகவும் இருக்க வேண்டும். உயில் எழுத்தில் அமைய வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே வேளையில் உடனிருக்க, எழுதியவர் அவர்கள் முன் கையொப்பமிட வேண்டும். சாட்சிகளும் அவர் முன் கையொப்பமிட வேண்டும்.

உயிலினால் பயன்பெறுபவரோ, அவருடைய கணவன் அல்லது மனைவியோ சாட்சியாக இருக்கலாகாது. இருந்தால் அவருக்குரிய கொடை செல்லாது. திருமணத்திற்கு முன் எழுதிய உயில், திருமணம் செய்துகொள்வதால் பொதுவாக இரத்தாகிவிடும். சேமநிதி நியமனம் திருமணத்தால் இரத்தாவதில்லை, உயிலோ இரத்தாகிறது. இவ்வேறுபாட்டைக் குழப்பிக்கொள்ளலாகாது.

உயிலை நிறைவேற்ற நம்பிக்கைக்குரிய ஒருவரை நிர்வாகியாகக் குறிப்பிடுவது நல்லது. வழக்கறிஞரிடமோ, 1995ஆம் ஆண்டு பொது அறங்காவலர் பொறுப்பை ஏற்ற அமானா ராயா நிறுவனத்திடமோ எழுதிக்கொள்ளலாம். முஸ்லிம்கள் தங்கள் சமயச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு வரையே, அதுவும் வாரிசு அல்லாதோருக்கு, வசியத் எழுதலாம் என்பது பொது விதி.

உயில் இல்லாமல் நிலமோ வீடோ விட்டு இறந்தவரின் சொத்து, சட்டம் வகுத்த மதிப்பு வரம்புக்குள் இருப்பின், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யலாம். இதற்கு உயர்நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. ஆனால் காலம் கடத்தலாகாது. வாரிசுகளில் ஒருவர் இறந்தால் அவருடைய பிள்ளைகளும் பங்குதாரர் ஆவர். நால்வர் கையொப்பமிட்டுத் தீர்க்கத்தக்க காரியம், பத்து ஆண்டுகளில் இருபது பேரைத் தேடிப் பிடிக்க வேண்டிய காரியமாக வளர்ந்துவிடும்.

பெர்கேசோ தரும் பாதுகாப்பு

1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பெர்கேசோவின் உதவி, சேமிப்பும் அன்று. பங்கீட்டுச் சொத்தும் அன்று. காப்புறுதி பெற்ற தொழிலாளி 60 வயதுக்கு முன் எக்காரணத்தால் இறந்தாலும், சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருப்பின், குடும்பத்தினருக்கு மாத ஓய்வூதியம் கிடைக்கும். வேலை விபத்தினால் இறந்தால் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு. அத்தொகையில் விதவைக்கு ஐந்தில் மூன்று பங்கும் பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கும் சட்டமே வகுத்துள்ளது. இதற்கும் திருமணப் பத்திரமும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் தேவை.

தகரப் பெட்டியில் உறங்கும் பத்திரங்கள்

விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் இழந்தவர்கள் ஏராளம். அந்நிலையில்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். 1961ஆம் ஆண்டு கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது.

அன்று தாத்தாவும் பாட்டியும் வியர்வை சிந்தி வாங்கிய அப்பங்குகளின் பத்திரங்கள், இன்றும் சில வீடுகளில் பழைய துணிகளுக்கிடையே கிடக்கக்கூடும். பங்குதாரர் இறந்ததை அறிவித்து வாரிசு மாற்றம் செய்யப்பட்டதா என்று குடும்பத்தினர் விசாரித்தறிய வேண்டும். அவ்வாறே பழைய வங்கிப் புத்தகங்களையும் தேடிப் பார்க்க வேண்டும். ஏழு ஆண்டுகள் இயக்கமின்றிக் கிடக்கும் வங்கிக் கணக்கின் பணம் கோரப்படாத பணமாகக் கருதப்பட்டு அரசாங்கப் பதிவாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது. உரியவரோ வாரிசோ சான்றுகளுடன் அதைக் கோரிப் பெறலாம். அடகுச் சீட்டுகளைப் பற்றியும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். மீட்புக்குரிய ஆறு மாதத் தவணை, வீட்டில் துக்கம் நிகழ்ந்தது என்பதற்காக நின்றுவிடாது.

அடையாள அட்டைகள், பிறப்பு, திருமண, இறப்புப் பத்திரங்கள், சேமநிதி அறிக்கை, நியமனப் பிரதி, வங்கிப் புத்தகங்கள், நிலப் பட்டா, காப்புறுதிப் பத்திரம், கடன் விவரம் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு, அவ்வுறை இருக்குமிடத்தைக் கணவனும் மனைவியும் மூத்த பிள்ளையும் அறிந்திருக்குமாறு செய்யுங்கள். பெயரின் எழுத்துகள் ஒரு பத்திரத்தில் ஒருவாறாகவும் மற்றொன்றில் வேறாகவும் இருப்பது நம்மவரிடையே அடிக்கடி காணப்படும் குறை. உரியவர் உயிரோடிருக்கையில் அதைத் திருத்துவது எளிது. அவர் மறைந்த பின் மெய்ப்பிப்பது கடினம்.

வீட்டில் கலந்து பேச வேண்டிய வினாக்கள்

1. வேலை முடியும் நாளில் நாம் குடியேறப் போகும் வீடு எது?

2. நம் இருவருடைய சேமநிதியிலும் இன்று எவ்வளவு உள்ளது? அதை 240 மாதங்களால் வகுத்தால் மாதத்திற்கு எவ்வளவு?

3. சேமநிதி நியமனத்தில் யாருடைய பெயர் உள்ளது? அவர் உயிருடன் இருக்கிறாரா?

4. நம் திருமணம் பதிவு செய்யப்பட்டுள்ளதா? பத்திரம் எங்கே?

5. வீட்டின் பட்டா யார் பெயரில் உள்ளது? உயில் உண்டா?

6. நம் பெற்றோர் விட்டுச்சென்ற நிலமோ, பங்கோ, வங்கிக் கணக்கோ பெயர் மாற்றப்படாமல் கிடக்கிறதா?

இவ்வினாக்களுக்கு விடை தெரியாதிருப்பின் வருந்த வேண்டியதில்லை. அடுத்த ஓய்வு நாளில் ஒன்றை எடுத்துக்கொண்டு உரிய அலுவலகத்திற்குச் சென்று வாருங்கள். படித்த பிள்ளை உடன் வரட்டும். சாவைப் பற்றிப் பேசுவது அமங்கலமன்று. வாழ்வு முழுதும் யாருக்காக உழைத்தோமோ அவர்களைப் பற்றிப் பேசுவதே அது. வைகறையில் எழுந்து, பனியிலும் கொசுக்கடியிலும் மரத்துக்கு மரம் நடந்து சேர்த்த பணம், உழைத்தவரின் முதுமையில் அவருக்குச் சோறாகவும், அவருக்குப் பின் அவர் விரும்பியவர் கையில் சொத்தாகவும் சேர வேண்டும். அதற்கு இன்னும் தேவைப்படுவது நம் கையால் இடப்படும் ஒரு கையொப்பமே.